சோளகக் காற்றில் ஆனையிறவு வரை சைக்கிள் ஓட்டப் போட்டி: பிறீவீலை மாற்றுவதா?

கிளிநொச்சியூரான் (கேள்வி):

வணக்கம். ஆடி மாதக் கடைசியில் எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகம் ஒன்று நடத்தும் சைக்கிள் ஓட்டப் போட்டியில் இரண்டாவது தடவையாகப் பங்குபற்றவிருக்கிறேன். கிளிநொச்சி நகரிலிருந்து ஏ-9 வீதியால் பரந்தன் ஊடாக ஆனையிறவு சென்று திரும்ப வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கியர் இல்லாத சாதாரண சைக்கிள்களுக்கு மட்டுமே அனுமதி. சென்ற வருடம் போகும்போது முதல் பத்துப் பேருக்குள் சிரமமின்றி ஓடினேன். திரும்பும்போது உப்பளத்தைத் தாண்டுவதற்குள் கூட்டத்திலிருந்து விடுபட்டு, பரந்தன் சந்தி வரை தனியாக மிதித்து, கடைசியில் 23ஆவதாகத்தான் வந்து சேர்ந்தேன். என் வண்டியின் முன் பற்சில்லு 44 பல், பிறீவீல் (பின்சில்லில் செயின் ஓடும் பற்சில்லு) 18 பல். 16 பல் பிறீவீல் போட்டால் வேகம் கூடும் என்கிறார்கள் நண்பர்கள். மாற்றலாமா? அல்லது வேறு எதையேனும் கவனிக்கத் தவறுகிறேனா?

மாங்குளம் சைக்கிள் கடை:

தம்பி, மாற்ற வேண்டாம். 28 அங்குலச் சில்லுள்ள வண்டியில் 44க்கு 18 என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நகரும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 92 சுற்று மிதிக்க வேண்டும். பழகிய காலுக்கு அது இயல்பான கணக்கு. 16 பல் போட்டால் அதே வேகத்துக்கு 81 சுற்றுப் போதும், ஆனால் ஒவ்வொரு மிதியும் பாரமாகும். போகும்போது அது சுகமாகத்தான் இருக்கும். நீங்கள் தோற்றதோ திரும்பும் வழியில். அங்கே பாரமான மிதி தொடையை இன்னும் விரைவில் சோரவைக்கும். அந்தக் காசுக்கு நல்ல ரயர் ஒரு சோடி வாங்கி, ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குச் சற்றுக் குறைவாகக் காற்றடியுங்கள். கரியர், ஸ்ராண்ட் இரண்டையும் கழற்றிவிடுங்கள். ஆசனத்தில் இருந்தபடி குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். எங்கள் கடைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஆசனம் பதிவாகவே இருக்கிறது.

பரந்தன் பெரியவர்:

கடைக்காரத் தம்பி சொன்னது சரி, ஆனால் உங்களைத் தோற்கடித்தது காற்று. 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் விறகும் நெல்லும் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் சைக்கிளில் அலைந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஆடியில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். பரந்தனைத் தாண்டி வெட்டைக்கு வந்தபின் மரமோ மதிலோ அதை மறிக்காது. வடக்கே போகும்போது அது உங்கள் இடது தோளுக்குப் பின்னால் நின்று தள்ளும். அதனால்தான் முதல் பத்துக்குள் இருந்தது உங்களுக்குச் சிரமமாகத் தெரியவில்லை. திரும்பியதும் அதே காற்று வலது முன்பக்கத்தால் அடிக்கும். 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவருக்கு 15 கிலோமீற்றர் வேகக் காற்று நேரே எதிர்த்து வந்தால், அவர் உடல் 40 கிலோமீற்றர் காற்றைத் தாங்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், தனியே அகப்பட்டவருக்கு மீட்சியில்லை.

எல்லோரும் முன்னவரின் பின்சில்லுக்கு நேர் பின்னால், வீதியின் இடது விளிம்பை ஒட்டி ஓடியிருப்பீர்கள். காற்று நேரே எதிரில் வந்தால் அது சரி. முன்னவருக்குப் பின்னால் ஒட்டி ஓடுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிஞ்சும். வலப்பக்கம் சரிந்து வரும்போது அந்த மறைவு முன்னவரின் இடது பின்புறத்தில்தான் விழும். ஆகவே முன்னே இழுப்பவர் விளிம்பை விட்டு வீதியின் இடப்பாதியின் நடுப்பக்கம் வர வேண்டும். மற்றவர்கள் ஒருவருக்கொருவர் இடப்பக்கம் சற்று ஒதுங்கிச் சாய்வரிசையாக நிற்க வேண்டும். களைத்தவர் காற்று வரும் பக்கமாக விலகிப் பின்னே போய்ச் சேர்ந்துகொள்வார். நான்கைந்து பேர் முன்கூட்டியே பேசி வைத்தால்தான் இது நடக்கும். சரியான இடத்தைக் காது சொல்லும்: சேட்டின் கை படபடப்பதும் காதுக்குள் இரைவதும் சட்டென்று அடங்கினால், அங்கேயே நில்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். முன்வண்டியின் பின்சில்லுக்குப் பக்கத்தில் உங்கள் முன்சில்லை நெடுநேரம் வைத்திருக்க வேண்டாம். உரசினால் விழுபவர் எப்போதும் பின்னால் வருபவர்தான். பேருந்துகள் ஓடும் ஏ-9இல் இதைப் பழகவும் வேண்டாம். வாகனம் குறைந்த உள்வீதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முள்ளியவளை ஆசிரியை:

பெரியவரின் பதிலுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். போகும் வழியில் உங்கள் கால் பயன்படுத்தாத பலத்தைச் சேமிக்க வேண்டுமேயன்றி, காற்று தள்ளுகிறதே என்று முன்னே பாய்வதற்கு அதைச் செலவழிக்கக் கூடாது. ஆனையிறவில் திரும்பும் இடத்தில் எல்லோரும் வேகம் குறைப்பார்கள். திரும்பியதும் முன்னிருப்பவர்கள் எழுந்து மிதிப்பார்கள். அந்த அரை நிமிடத்தில் கூட்டத்தின் பின்பாதியில் இருந்தால் விடுபடுவது ஏறத்தாழ உறுதி. திரும்புமிடத்துக்கு ஒரு கிலோமீற்றருக்கு முன்பே முன்பக்கம் வந்துவிடுங்கள். காலை உணவைப் புறப்படுவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் முடித்துவிட்டு, வழியில் தண்ணீரைச் சிறு மிடறுகளாகக் குடியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய ஓட்டத்துக்கு இதற்குமேல் உணவுபற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

கிளிநொச்சியூரான்:

அனைவருக்கும் நன்றி. பிறீவீலை மாற்றவில்லை, ஆசனத்தை இரண்டு விரற்கடை உயர்த்தினேன். நேற்றுப் பின்னேரம் நண்பர்கள் மூவருடன் இரணைமடுப் பக்கத்து உள்வீதியொன்றில் சாய்வரிசை பழகினோம். முதல் தடவை ஒருவருடைய மறைவுக்குள் சரியாக நுழைந்தபோது காதுக்குள் இரைச்சல் அடங்கி, முன்னால் போனவரின் செயின் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பெரியவர் ஐயாவிடம் ஒரு கேள்வி: முன்னே இழுக்கும் முறையை எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது?

பரந்தன் பெரியவர்:

நிமிடக் கணக்கு வேண்டாம் தம்பி. வீதியோர மின்கம்பங்களை எண்ணுங்கள்; வெட்டையில் பத்துக் கம்பத்துக்கு ஒரு தடவை போதும். களைத்தவர் ஐந்திலேயே விலகட்டும், அவரை ஒருவரும் கடிந்துகொள்ளக் கூடாது.