அசரியாவைத் தலைவர் ஆக்கியது மாநாடா? 1903 முந்தியா, 1910 முந்தியா?

நாசரேத்காரன்:
சாயர்புரம் தம்பி நேற்று எழுதியது இது: "வெள்ளிக்கிழமை கொடைக்கானலில் வாலிபர் தலைமைத்துவ மாநாடு. பெரிய எதிர்பார்ப்போடு போகிறேன். அசரியாவை உலகத் தலைவர் ஆக்கியதே எடின்பரோ மாநாடுதான்." படித்ததும் பொறுக்கவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அந்த உலக மிஷனெரி மாநாடு நடந்தது 1910-இல். நம் திருநெல்வேலி ஊழியர் வி. எஸ். அசரியா மற்றவர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தை இங்கே தொடங்கியது 1903-இல். குருப்பட்டம் பெற்று, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்கு ஊழியத்துக்காக அவர் போனது 1909-இல். எது முந்தி? கழுத்தில் மாநாட்டு அட்டை தொங்கவிட்டு யாரும் தலைவர் ஆனதில்லை.

சாயர்புரம் தம்பி:
அண்ணாச்சி, 'உலகத் தலைவர்' என்றுதான் எழுதினேன். ஏறக்குறைய 1,200 பேர் கூடிய இடத்தில், வெள்ளைக்கார மிஷனெரிமார் முன்னால் "நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டாரே, அதற்குப் பிறகுதானே உலகம் திரும்பிப் பார்த்தது? 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரும் (பிஷப்) ஆனார். எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவின் கீழுள்ள சபைகளில், ஓய்வுநாள் பள்ளி நடத்த ஆள் இல்லை. எங்காவது போய்க் கற்றுக்கொண்டு வர ஆசைப்படுவது தப்பா?

நாசரேத்காரன்:
1903-க்குப் பதில் சொல்லாமல் 1912-க்குத் தாவுகிறீர்கள். அவர் எடின்பரோவுக்குப் பேசப் போனவர். நோட்டு எடுக்கப் போகவில்லை.

டோனாவூர் அக்கா:
1903-க்கு முந்தி 1902 உண்டு, தம்பி. அந்த வருஷம் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். நம் ஊரில் ஏன் இல்லை என்ற வேதனை அதில்தான் பிடித்தது. வெளியே போனதால்தானே வந்தது? நீங்கள் போகாவிட்டால் போங்கள், போகிறவனை ஏன் பிடித்து இழுக்கிறீர்கள்?

நாசரேத்காரன்:
யாழ்ப்பாணத்தில் பதிவுக் கட்டணம் கட்டினாரா? அது பயணம். நான் கேட்பது மாநாட்டை. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம், இதுதான் 1903 சங்கத்தின் கொள்கை. எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அவளுக்கு எந்த மாநாட்டில் பயிற்சி கொடுத்தார்கள்?

மெஞ்ஞானபுரம்:
பிடி அரிசி பேசுகிறவர் போன திருமண்டல (பிஷப்பின் கீழுள்ள சபைகளின்) தேர்தலில் எந்த அணிக்கு வேனில் ஆள் ஏற்றினார் என்பதையும் சொல்லட்டும்.

நாசரேத்காரன்:
உபதேசியார் (சபை ஊழியர்) மகன் ஒருவர் நின்றார், அவருக்காகப் போனேன். தோற்ற கோபத்தை இங்கே கொட்டாதீர்கள். போன அசனத்தில், கோயில் விருந்தில், என் இலைக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறினீர்களே, மறக்கவில்லை.

மெஞ்ஞானபுரம்:
சோறு விழுந்ததா இல்லையா? முகத்தைப் பார்த்தால்தான் இறங்குமோ?

சாயர்புரம் தம்பி:
அசனச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டணம் கட்டியாயிற்று. கேள்விகளும் எழுதி வைத்திருக்கிறேன். திடப்படுத்தல் (பிஷப் கைவைத்து ஜெபிக்கும் சடங்கு) முடிந்ததும் பிள்ளைகள் ஏன் ஆலயப் பக்கம் வருவதில்லை? சேகர கமிட்டியில் முப்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட ஏன் இல்லை? தேவன் பேசுவார் என்று நம்பித்தான் போகிறேன்.

நாசரேத்காரன்:
இரண்டையும் உங்கள் சபை ஐயரிடம் (குருவானவரிடம்) கேட்டீர்களா? திடப்படுத்தல் எடுத்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்க் கேட்டீர்களா? அதற்குக் கட்டணம் இல்லை. போகிறவர் போங்கள். 1903 முந்தியா, 1910 முந்தியா, அதை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள்.

டோனாவூர் அக்கா:
1902 என்று எழுதினேனே, அதை நீங்கள் படிக்கவே இல்லை.