எண்ணும் முதலெழுத்தும்: இந்தப் புதிரைத் தமிழில் எப்படிப் போடுவது?

சிப்புட் டீச்சர்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். கடைசி அரை மணி நேரம் புதிர் இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு வகை உண்டே: ‘26 எல் ஆஃப் தி ஏ’ என்று கொடுத்தால் ‘26 லெட்டர்ஸ் ஆஃப் தி அல்ஃபபெட்’ என்று சொல்ல வேண்டும். அதைத் தமிழில் போட்டுப் பார்க்கிறேன். ‘247 த எ’ என்றால் தமிழ் எழுத்துகள் என்று உடனே கத்திவிடுகிறார்கள். ஆனால் ‘5 வி’ என்று போட்டேன், விரல்கள் வரும் என்று. ஒருத்தி ‘வித்தியாசங்கள்’ என்கிறாள், படத்தில் ஐந்து வித்தியாசம் கண்டுபிடிப்போமே, அது. அவளுக்கும் மார்க் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ‘அறுபடை வீடு’ மாதிரி எண் சொல்லோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? ‘வி’ என்று முழுசாகப் போடுவதா, ‘வ்’ என்று மெய்யை மட்டும் போடுவதா?

தைப்பிங் புதிர்க்காரன்:
டீச்சர், முழுசாகவே போடுங்கள். ‘வ்’ என்று கொடுத்தால் வயலா, வீடா, வேலையா என்று பிள்ளைகள் திண்டாடுவார்கள்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலப் புதிரில் எண் முன்னால் நிற்கும். நடுவில் ‘ஆஃப்’, ‘இன்’ எல்லாம் அப்படியே கிடக்கும். அந்தச் சின்னச் சொற்கள்தான் பாதி வழி காட்டும். நமக்கு அவை வேற்றுமை உருபாகச் சொல்லின் வாலில் ஒட்டிவிடுகின்றன. முதலெழுத்தை மட்டும் எடுத்தால் வால் போய்விடுகிறது, ‘5 வி’ என்று மொட்டையாக நிற்கிறது. வாலை விட்டுவையுங்கள், எண்ணையும் தமிழ் வாக்கியத்தில் அது நிற்கிற இடத்திலேயே வையுங்கள்:

தி-இல் 133 அ
ப-இல் 272 ப
ம கொ-இல் 14 கோ
மு-க்கு 6 ப வீ

திருக்குறளில் 133 அதிகாரங்கள், பத்துமலையில் 272 படிகள், மலேசியக் கொடியில் 14 கோடுகள். கடைசியில் முருகனுக்கு 6 படை வீடுகள்; ஒட்டிய எண்ணும் பிரிந்துவிட்டது பாருங்கள்.

இன்னொன்று. ‘ர’வில் தொடங்கும் சொல் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததாக இருக்கும். ‘ரி-இல் 100 செ’ என்று பார்த்ததும் கெட்டிக்காரப் பிள்ளை ரிங்கிட்டுக்குத்தான் போகும், ரிங்கிட்டில் 100 சென்.

கம்பார் அண்ணன்:
வாலை விட்டுவைத்தால் ரொம்பச் சுலபமாகிவிடும் என்பது என் கட்சி. பெரியவர்களுக்கு மொட்டையாகவே கொடுக்கலாம், மண்டை காயட்டும். அமெரிக்காவில் வில் ஷார்ட்ஸ் 1981-இல் ‘கேம்ஸ்’ பத்திரிகையில் இவற்றை வெளியிட்டபோது வாசகர்கள் நகல் எடுத்து ஊர் ஊராகப் பரப்பியதற்குக் காரணமே அந்தத் தவிப்புதான். பிள்ளைகளுக்கு என்றால் சரி, தைப்பிங்காரர் சொல்கிறபடியே செய்யுங்கள்.

ஆனால் ‘சூ கு-இல் 8 கோ’ மட்டும் போட்டுவிடாதீர்கள். சூரியக் குடும்பத்தில் 8 கோள்கள்தான், 2006-இல் புளூட்டோவைக் கழித்துவிட்டார்கள். நீங்களோ கோயில் மண்டபத்தில் நடத்துகிறீர்கள். யாராவது ஒருவன் எழுந்து போய் நவக்கிரகத்தை எண்ணிவிட்டு வந்து 9 என்று வாதாடுவான்.

உங்கள் பக்கத்து ஊரிலேயே ஒன்று இருக்கிறது: கோ-இல் 9 ர க. 1877-இல் கோலாகங்சாரில் நட்ட 9 ரப்பர் கன்றுகள். பிள்ளைகளின் தாத்தா பாட்டி பால் வெட்டிய கித்தாக் காடெல்லாம் அதற்கு அப்புறம் வந்ததுதானே! இதைப் போடாமல் வேறு எதைப் போடுவது?

சிப்புட் டீச்சர்:
நன்றி தைப்பிங் சார், நன்றி அண்ணே. இந்த வாரம் வாலோடு போட்டேன். பையன்கள் ‘பூ-இல் 21 பு’வை ஒரே மூச்சில் பிடித்துவிட்டார்கள், பூப்பந்தில் 21 புள்ளிகள். ‘ரு நெ-இல் 5 கோ’வுக்கு, அதாவது நம் நாட்டுக் கோட்பாடான ருக்குன் நெகாராவில் 5 கோட்பாடுகளுக்கு, கொஞ்சம் நேரம் எடுத்தது. ‘நெ’யைப் பார்த்துவிட்டு நெல்லிக்காய் என்று ஒரு கூட்டம் அடம் பிடித்தது. கன்றுக் கேள்விக்கு யாருக்கும் விடை தெரியவில்லை. வீட்டில் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது புதுத் தொல்லை, அவர்களே புதிர் எழுதி வருகிறார்கள். ஒருவன் ‘எ வீ-இல் 7 பூ’ என்று கொடுத்தான். எங்கள் வீட்டில் 7 பூனைகளாம்! ஊருக்கே தெரிந்த எண்ணாக இருக்க வேண்டும் என்றேன். “எங்க லயத்துல எல்லாருக்கும் தெரியும் டீச்சர்” என்கிறான். மார்க் கொடுப்பதா, வேண்டாமா?