இடது பின் கதவு பூட்டின நிலையிலேயே சிக்கிக்கிச்சு, தகட்டை அறுக்காமல் திறக்க முடியுமா?

ஆரணி_வண்டி:
2013 மாடல் ஹேட்ச்பேக். சென்ட்ரல் லாக் வண்டியோட வந்ததில்லை, வெளிக்கடையில் மாட்டினது. ரிமோட் அழுத்தினா மத்த மூணு கதவும் திறக்குது. இடது பின் கதவில் மெலிசா ஒரு ‘டிக்’ மட்டும் கேட்குது, ஜன்னல் ஓரத்துப் பூட்டு நாப் பாதி உயரத்தில் நிக்குது. கையால் இழுத்தாலும் ஏறமாட்டேங்குது. வெளிக் கைப்பிடியில் ஸ்பிரிங் இழுவை வழக்கம்போல இருக்கு, ஆனா கதவு வரலை. உள் கைப்பிடியிலும் திறக்கலை. சைல்டு லாக் (குழந்தைங்க உள்ளிருந்து திறக்காமல் தடுக்கிறது) போட்டிருக்கான்னு தெரியலை. பின் ஜன்னல் கையால் சுத்துறது, கண்ணாடி நல்லா ஏறி இறங்குது. டிங்கர் வெளித்தகட்டை அறுக்கணும்கிறார். வேற வழி இருக்கா?

லாட்ச்_ராடு:
அறுக்க விடாதீங்க சார். நீங்க சொன்ன அறிகுறிகளே பாதி பதிலைச் சொல்லிடுது. கைப்பிடியில் ஸ்பிரிங் இழுவை இருக்குன்னா, கைப்பிடியை லாட்சோட (கதவைக் கவ்விப் பிடிக்கிற பூட்டுப் பொறி) இணைக்கிற ராடு கழன்டிருக்க வாய்ப்பு குறைவு; கழன்டிருந்தா கைப்பிடி தொளதொளன்னு ஆடும். நாப் பாதியில் நிக்குறதால், ஒண்ணு லாட்சுக்குள்ள கிரீஸ் காய்ஞ்சு லாக் லீவர் இறுகியிருக்கணும், இல்லை வெளிக்கடையில் மாட்டின ஆக்சுவேட்டர் (ரிமோட் அழுத்தினா நாப்பை ஏத்தி இறக்குற சின்ன மோட்டார்) நடுவில் சிக்கி நாப் ராடைப் பிடிச்சு வச்சிருக்கணும். என் பந்தயம் இரண்டாவது மேல.

கதவு மூடியிருக்கும்போது லாட்சைக் கழட்டவே முடியாது, அதோட மூணு ஸ்க்ரூவும் கதவு விளிம்பில் இருக்கு. ஆனா டோர் பேடை (கதவோட உள்பக்க அட்டை) கழட்டலாம். முன் சீட்டை முன்னாடி தள்ளிட்டு, பின் சீட் குஷனை எடுத்துடுங்க (சில வண்டியில் கிளிப், சிலதில் போல்ட்). கதவுச் சட்டத்தில் ஓடுற ரப்பர் பீடிங்கை அந்தப் பக்கம் மட்டும் உருவிட்டா பேட் ஓரத்தில் விரல் நுழைய இடம் கிடைக்கும்.

கண்ணாடியை முழுசா ஏத்தி விடுங்க, இறக்கி வச்சா உள்ளே கை போற வழியை அதுவே மறைக்கும். ஜன்னல் சுத்துற கைப்பிடிக்கும் பின்னாடி இருக்கிற வட்டத்துக்கும் நடுவில் பழைய துணியை நுழைச்சு, ஷூ பாலிஷ் போடுற மாதிரி இழுத்தா உள்ளிருக்கும் கம்பி கிளிப் தெறிச்சு வரும். கண்ணைப் பார்த்துக்கோங்க, கிளிப்பையும் தேடி எடுத்து வையுங்க. அப்புறம் கைதாங்கிக் குழியில் இருக்கிற ஸ்க்ரூ, உள் கைப்பிடிக்குப் பின்னாடி இருக்கிற ஸ்க்ரூ. எடுத்ததும் பேடை அடியிலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப் கிளிப்பா விடுவிச்சு, கடைசியில் மேல்நோக்கித் தூக்கணும். பழைய வண்டியில் சில கிளிப்பாவது உடையும், பத்து கிளிப் முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க.

பேடுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் கருப்புப் பசையோட மெதுவா உரிங்க. உள்ளே நாப் ராடைத் தொடர்ந்து போனா, ஆக்சுவேட்டர் கம்பி அதோட சேருற இடத்தில் ஒரு சின்ன இணைப்பான் இருக்கும். அதோட ஸ்க்ரூவைத் தளர்த்துங்க. நாப் சுலபமா ஏறிட்டா குற்றவாளி ஆக்சுவேட்டர்தான். அப்பவும் ஏறலைன்னா லாட்ச் பக்கம்: ராடு சேருற லீவர் மேல டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரே அடிச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிளையரால் ராடைப் பிடிச்சு மேலும் கீழுமா ஆட்டுங்க. ராடை வளைச்சுடாதீங்க.

கிரீஸ்_கை:
பேடைப் பிரிக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாருங்க ப்ரோ, செலவே இல்லை. ஒருத்தர் வெளியே நின்னு இடுப்பால் கதவை உள்பக்கமா அமுக்கணும். ஸ்ட்ரைக்கர் (லாட்ச் கவ்விப் பிடிக்கிற, வண்டிச் சட்டத்தில் இருக்கிற கொக்கி) மேல இருக்கிற அழுத்தம் குறையும். இன்னொருத்தர் உள்ளேயிருந்து நாப்பைத் தூக்கிக்கிட்டே ரிமோட் அழுத்தணும். அந்த நேரத்தில் கைப்பிடியை யாரும் இழுத்துப் பிடிச்சிருக்கக் கூடாது. நிறைய லாட்சில் கைப்பிடி இழுத்த நிலையில் லாக் லீவர் நகராது. முதலில் நாப் ஏறட்டும், அப்புறம் கைப்பிடி.

மல்டிமீட்டர்_மாமா:
ஒரே கதவு மட்டும்னா ஃபியூஸைத் தேடிப் போகாதீங்க. ‘டிக்’ கேட்குறதால் ஏதோ கரண்ட் வருது, ஆனா கதவுக்கும் பில்லருக்கும் (கதவு கீல் மாட்டியிருக்கிற தூண்) நடுவில் ரப்பர் குழாய்க்குள்ள வயர் பாதி அறுந்திருந்தாலும் இப்படித்தான் சோம்பலா இருக்கும். ஆக்சுவேட்டரைக் கம்பியிலிருந்து விடுவிச்சப்புறம், பச்சை, நீல வயர் இரண்டுக்கும் நேரடியா 12 வோல்ட் தொட்டுப் பாருங்க. வயரை மாத்தித் தொட்டா எதிர்த்திசையில் போகணும். தொட்டு எடுக்கணும், பிடிச்சு வச்சா மோட்டார் கருகிடும். மோட்டார் சுத்துற சத்தம் வந்தும் கம்பி நகரலைன்னா பல்சக்கரம் போச்சு. மாத்தும்போது பின் கதவுக்கு இரண்டு வயர் ஆக்சுவேட்டர் போதும். ஐந்து வயர் ஓட்டுநர் கதவுக்கானது.

ஆரணி_வண்டி:
திறந்துடுச்சு! இணைப்பான் ஸ்க்ரூவைத் தளர்த்தினதும் நாப் தானா ஏறிச்சு, வெளிக் கைப்பிடியில் திறந்தது. சைல்டு லாக்கும் போட்டுத்தான் இருந்திருக்கு. ஆக்சுவேட்டரில் வெள்ளைப் பல்சக்கரம் மொழுமொழுன்னு தேய்ஞ்சிருக்கு. புதுசு வாங்கி மாட்டிட்டு மூடிடலாமா?

லாட்ச்_ராடு:
மூடாதீங்க! ஆக்சுவேட்டர் ஏன் தேய்ஞ்சதுன்னு பாருங்க. லாட்ச் இறுகியிருந்தா புதுசும் அதே கதிதான். இணைப்பான் தளர்ந்த நிலையில் நாப்பை ஒரு விரலால் ஏத்தி இறக்கிப் பாருங்க, கனமா இருந்தா லாட்சைக் கழட்டி பிரேக் கிளீனரால் பழைய கிரீஸைக் கழுவி, வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்க. டபிள்யூடி-40 மட்டும் அடிச்சு விட்டா கொஞ்ச நாளில் காய்ஞ்சு, பழையபடி தூசியோட இறுகும். அந்த மூணு ஸ்க்ரூ இறுக்கமா இருக்கும், தலைக்குச் சரியா பொருந்துற பெரிய பிட் போட்டு அழுத்தித் திருப்பணும், சின்ன பிட் போட்டா தலை மொழுங்கிடும்.

புது ஆக்சுவேட்டரை மாட்டும்போது நாப் கீழே, ஆக்சுவேட்டர் கம்பியும் அதே பூட்டுத் திசையில் கடைசி வரை, அந்த நிலையில் இணைப்பானை இறுக்குங்க. கம்பியின் ஓட்டமும் நாப்பின் ஓட்டமும் பொருந்தலைன்னா மறுபடி பாதியில்தான் நிக்கும்.

கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால் லாட்ச் நாக்கை மூடின நிலைக்குத் தள்ளுங்க, இரண்டு கிளிக் கேட்கணும். ரிமோட்டால் பூட்டித் திறந்து, வெளிக் கைப்பிடியை இழுத்து நாக்கு விடுதான்னு பாருங்க. சைல்டு லாக்கை எடுத்துட்டு உள் கைப்பிடிக்கும் அதே சோதனை. எல்லாம் நாலஞ்சு தடவை தவறாமல் விட்டப்புறம்தான் பிளாஸ்டிக் தாள், பேட் எல்லாம். தாளைப் பசையோட சரியா ஒட்டுங்க, இல்லைன்னா மழைத்தண்ணி பேட் வழியா கார்பெட்டுக்கு வரும்.