சாகித்திய அகாதெமி விருதும் தமிழ்ப் பெண் எழுத்தாளர்களும்

கேள்வி: தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருதை 1955 முதல் 2021 வரை ராஜம் கிருஷ்ணன், லக்ஷ்மி, திலகவதி, அம்பை ஆகிய நான்கு பெண்கள் மட்டுமே பெற்றிருப்பதற்கு எழுத்தின் தரமா காரணம்?

மறுமொழி 1: நிச்சயமாக இல்லை. 1976இல் முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்ட அம்பை 45 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

மறுமொழி 2: தடை விருதுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் எழுதி, தாயின் உதவியால் கவிதைகளை வெளியே அனுப்பி, புனைபெயரில் அச்சேற்றிய கவிஞர் சல்மாவுக்கு எழுதும் தனிமையே போராடிப் பெற வேண்டியதாக இருந்தது.

மறுமொழி 3: உண்மை. சல்மாவும் குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரும் தம் உடலைக் கவிதையில் எழுதியபோது, பெண்ணுடலை ஆண்கள் வருணித்தால் அழகியல் என்று கொண்டாடிய அதே இலக்கிய உலகில் பலர் அதை ஆபாசம் என்றார்கள். இந்த இரட்டை அளவுகோல் எனக்கு இன்றும் வலிக்கிறது.