கூலரோடு கையோடு வந்த பிராசசர்

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர், கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதுதான் பிழைப்பு. ரைசன் 3 2200ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, ஏழு வருஷத்துக்கு மேல் உழைத்த சிஸ்டம். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றது, விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் இது இல்லை. மொத்தத்தையும் மாற்றக் கையில் காசு இல்லை. போர்டில் பிராசசர் உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் 5600ஜி என்ற புதிய பிராசசரும் உட்காரும் என்று தெரிந்ததும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது வெறும் 5600. அதில் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போட வேண்டும். நல்லவேளை, பெட்டியை ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேபினெட்டைப் படுக்க வைத்து, பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் கூலரின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, நேராக மேலே இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன், 'டக்'கென்று வந்தது, திருப்பிப் பார்த்தால் கூலரின் அடியில் பிராசசர் ஒட்டிக்கொண்டிருக்கிறது! சாக்கெட்டின் லிவர் பூட்டியது பூட்டியபடியே. சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி ஆகியிருந்தது. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில்தான் இருக்கும், மொத்தம் 1331, அதில் ஒரு ஓரத்தில் நாலு பின் நெல் பயிர் சாய்ந்தது போலச் சாய்ந்துவிட்டன.

சரி, பழசுதானே, போனால் போகிறது என்று ஹேர் டிரையரில் சூடு காட்டி, மெதுவாகத் திருகிப் பிரித்துத் தள்ளி வைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். மூலையில் இருக்கும் முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தால் அழுத்தவே வேண்டாம், தானாக இறங்கும். பட்டாணி அளவு பேஸ்ட், கூலர், சுவிட்ச். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. ராம் கழற்றி மாட்டினேன், கேபிள் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. ஓசூரில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மாமா, பயாஸ் அப்டேட் பண்ணீங்களா?"

"அது எதுக்குடா?"

பயாஸ் என்பது சிஸ்டத்தை முதலில் எழுப்பிவிடும், போர்டிலேயே இருக்கும் சின்ன மென்பொருள். போர்டு வந்தபோது 5600ஜி என்ற ஒன்றே கிடையாது, பழைய பயாஸுக்கு அதை எப்படித் தெரியும். அப்டேட் செய்ய சிஸ்டம் ஓட வேண்டும், என் போர்டில் அது ஓட பழைய பிராசசர் வேண்டும். அதைத்தான் நான் முடமாக்கி வைத்திருந்தேன்.

அப்புறம் மகளின் மைக்ரோ டிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் பின்னை நுழைத்து, ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையைச் சாய்த்துப் பார்த்துப் பார்த்து, நாலு பின்னுக்கு ஒண்ணரை மணி நேரம். ஆயா எட்டிப் பார்த்து, "பேன் பாக்கறியாடா?" என்று கேட்டுவிட்டுப் போனது. ஒன்றும் உடையவில்லை. பழசைப் போட்டதும் திரை வந்தது. பயாஸ் ஏறும் சில நிமிஷம்தான் பெரிய பயம், நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்; யூபிஎஸ் இருந்தும் ஸ்விட்ச் பக்கம் யாரையும் விடவில்லை.

இந்தத் தடவை கழற்றுவதற்கு முன் சிஸ்டத்தைப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, பேஸ்ட் சூடாக இருக்கும்போதே கூலரை இப்படியும் அப்படியும் திருகி எடுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. புதியதைப் போட்டதும், ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியைப் புதிதாக அமைக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். டிரைவுக்கு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால் அந்த ரெகவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பூட்டு இல்லாததால் சரி என்று ஒய் (Y) அழுத்தினேன், விண்டோஸ் திறந்தது.

பழைய 2200ஜி டப்பாவில் இருக்கிறது. பின் நிமிர்த்தியது என்று சொல்லித்தான் கொடுப்பேன், தர்மபுரி பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.