துரியோதனன் சொன்ன பிறகு எடுத்த படம்

பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம். 18 நாள் விழாவில் நான் போனது கடைசி இரவுக் கூத்துக்கு. விடிந்தால் படுகளம், அதாவது துரியோதனன் விழும் போர்க்களக் காட்சி.

கொட்டகைக்குப் பின்னால் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். துரியோதனன் வேஷக்காரர் பாயில் உட்கார்ந்து, உள்ளங்கை அகலக் கண்ணாடியைப் பிடித்தபடி, ஈர்க்குச்சியால் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பூச்சின் மேல் ஒவ்வொரு புள்ளியும் அரிசி அளவு. கேட்காமல் பிளாஷ் அடித்துவிட்டேன். அவர் கை ஆடி, புள்ளி கோடாக இழுத்துக்கொண்டது. திட்டவில்லை. துணியால் துடைத்துக்கொண்டே, "கட்டை கட்டிட்டு நானே கூப்பிடறேன் கண்ணு. அரைகுறை வேஷத்துல எடுத்தா அது நானும் இல்ல, துரியோதனனும் இல்ல" என்றார்.

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மரத்தில் செய்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், எல்லாவற்றிலும் கண்ணாடிச் சில்லு. கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். கிரீடத்தை இறுக்கும்போது நெற்றி நரம்பு புடைத்தது. விடிய விடிய அந்தப் பாரத்தோடுதான் ஆட்டம். எல்லாம் முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, மீசையை ஒரு தடவு தடவி, "இப்ப எடு" என்றார். அந்தப் பார்வை முன்பு பார்த்த மனிதருடையதே இல்லை.

கூத்து எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிளாஷ் வேண்டவே வேண்டாம். ஆடுகிறவர் கண் கூசும், கண்ணாடிச் சில்லெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். எல்இடி விளக்கில் ஷட்டரை 1/250 நொடியில் வைத்தபோது படத்தில் கறுப்புப் பட்டை விழுந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் இப்படிப்பட்ட விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100க்கு இறக்கியதும் சரியானது. சுழன்று ஆடும்போது பாவாடை படத்தில் கலங்கலாகத்தான் பதிந்தது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்க, அதைச் சுற்றி பீமன் வேஷக்காரரும் நம் துரியோதனன் வேஷக்காரரும் சண்டை. தொடையில் அடி விழுந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்தபோது சில பெண்களுக்குச் சாமி வந்தது. அவர்களை நான் எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று கேட்கவும், வேண்டாம் என்று அவர்கள் சொல்லவும் வழியில்லாத நேரம் அது.

10 நாள் கழித்து 8க்கு 12 அளவில் பிரிண்ட் போட்டு, அவர் அடுத்து ஆடிய ஊருக்கே எடுத்துப் போனேன். பல்பு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கன்னத்துப் புள்ளி ஒன்றில் விரல் வைத்து, "இதுதான் அன்னிக்கு அழிச்சு வெச்சது" என்றார். மற்றதைவிட அது கொஞ்சம் பெரிதாக இருந்தது.