பொங்கல் கழிந்த பிறகு மழைப் பக்கத்துக்கு யார் வருவார்கள்?

கொல்லைமானி:
வணக்கம். சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மழை பற்றி வலைப்பூ எழுதுகிறேன். பிளாக்ஸ்பாட்தான். கொல்லையில் மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு அளவெடுத்துப் போடுவேன். கூடவே கணினி வானிலை மாடல்கள் என்ன காட்டுகின்றன, காரைக்கால் ரேடாரில் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நாலு வரி.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல கூட்டம். 2022 நவம்பர் 12 காலை சீர்காழிக்கு 44 செ.மீ. என்று கணக்கு வந்ததே, அந்த வாரம் மறுமொழிகளுக்குப் பதில் எழுதி மாளவில்லை. பொங்கல் கழிந்தால் ஈ ஓட்டுகிறேன். அடுத்த ஐப்பசியில் வருகிறவர்களும் பெரும்பாலும் புது ஆட்கள். பழையவர்கள் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை.

மழை இல்லாத மாதங்களில் எல் நினோ, மேகவெடிப்பு என்று விளக்கக் கட்டுரைகள் எழுதிப் பார்த்தேன், எடுபடவில்லை. நண்பர் ஒருவர் தலைப்பில் 'மிரட்ட வருது', 'ரெட் அலர்ட்' என்று போடச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு என்ன செய்யலாம்?

விரைவுப்பதில்:
ரீல்ஸ் போடுங்கள். வலைப்பூவெல்லாம் இப்போது யார் படிக்கிறார்கள்?

பழைய பதிவர்:
நான் படிக்கிறேன், நண்பரே. சரி, விஷயத்துக்கு வருவோம்.

நான் தமிழ்மணம் காலத்து ஆள். பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும் திரட்டி அது. அப்போது வாசகரைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. எழுதியதைத் திரட்டிக்கு அனுப்பினால் முகப்பில் வந்துவிடும். மறுமொழி விழ விழ முகப்பில் இன்னும் கொஞ்ச நேரம் தெரியும் என்பதற்காகவே ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுமொழியாகப் போட்டுக் கும்மி அடித்தவர்கள் உண்டு (பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்). அப்புறம் திரட்டிகள் ஓய்ந்தன. பிடித்த தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். 2021 ஜூலையில் பிளாக்ஸ்பாட்டின் மின்னஞ்சல் சந்தாவும் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் 'என் எழுத்து சலித்துவிட்டது போல' என்று ஒரு கூட்டம் கடையைக் கட்டியது. புதுப் பதிவு வந்த சேதியே வாசகருக்குப் போய்ச் சேரவில்லை என்பதை அவர்களில் பலர் கவனிக்கவில்லை.

அதனால் உங்கள் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சந்தாப் பெட்டி. பழைய வார்ப்புருவாக (டெம்ப்ளேட்) இருந்தால் அது இன்னும் அங்கேயே செத்துக் கிடக்கும். அதை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் சேனல் ஒன்று தொடங்குங்கள். அதில் முழுப் பதிவையும் கொட்டக் கூடாது. அன்றைய அளவு, ஒரு வரி, சுட்டி, அவ்வளவுதான். அக்டோபரில் கூட்டம் வரும்போதே அவர்களை அதில் சேர்த்துவிட வேண்டும். ஜனவரியில் கூப்பிட ஆள் இருக்காது.

ரெட் அலர்ட் பற்றி உங்கள் மனம் சொல்வதே சரி. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.யைத் தாண்டும் அதி கனமழையை எதிர்பார்க்கும்போது வானிலை மையம் கொடுக்கும் எச்சரிக்கை அது. நீங்கள் நாலு தூறலுக்கு அதைப் போட்டால், நிஜமாகவே 44 செ.மீ. கொட்டப்போகும் இரவில் உங்கள் பக்கத்தை யாரும் திறக்க மாட்டார்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. எல் நினோ கட்டுரை நூறு இடத்தில் கிடைக்கும். உங்கள் கொல்லை மழைமானியின் கணக்கு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு பதிவின் தலையிலும் இரண்டு வரி போடுங்கள்: 'நேற்று சொன்னது' ஒன்று, 'பெய்தது' இன்னொன்று. 30 மி.மீ. என்று சொல்லி 4 மி.மீ. பெய்தால் அதையும் அப்படியே போடுங்கள். மறுநாள் அந்த இரண்டாவது வரியைப் பார்க்கவே ஆள் வரும். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் சபலம்தான் இதுவும்.

மழை இல்லாத மாதங்களுக்கு என்ன எழுதுவது என்பதை என்னைவிட உங்கள் ஊர் விவசாயி நன்றாகச் சொல்வார். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நனைந்து சாய்ந்ததே, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் உங்கள் பக்கத்துக்கு யார் வந்தார்கள் என்று பாருங்கள். பார்வை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அதில் பாதி ஆட்களே இல்லை, தானாக வந்துபோகும் நிரல்கள். மறுமொழிகளில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படியுங்கள்.

கடைமடை வாசகர்:
திருவாரூர் மாவட்டம். சொந்தமாக விவசாயம். கொல்லைமானி சாரின் பக்கத்தை நவம்பரில் தினமும் பார்ப்பேன், தையில் பார்ப்பதில்லை. காரணம் கேட்டதால் சொல்கிறேன்.

தையில் 'மழைக்கு வாய்ப்பில்லை' என்று மட்டும் எழுதுகிறீர்கள். எனக்கு வேண்டியது, சேர்ந்தாற்போல் எத்தனை நாள் வெயில் கிடைக்கும் என்பது. வயல் காய்ந்தால் டயர் வைத்த அறுவடை மெஷினால் அறுக்கலாம். ஈரமாக இருந்தால் பெல்ட் வண்டிதான், வாடகை கூட. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்போம். தெளித்த பிறகு கனமழை பிடித்து வயலில் தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும். இது ஒரு பதிவுக்குப் போதாதா?

அடுத்து பனி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரை என்பது விதி. பனி உலர்வதற்கு முன் மெஷினை இறக்கினால் நெல் ஈரமாக வரும், அப்புறம் களத்தில் கொட்டிக் காயவைத்துக் காவல் கிடக்க வேண்டும். நாளைக்குப் பனி கடுமையா, எத்தனை மணிக்கு விலகும் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் தை, மாசி இரண்டு மாதமும் நான் உங்கள் ஆள்.

சித்திரை, வைகாசியில் பருத்தி போட்டவர்கள் கோடை மழைக்குப் பயந்துகொண்டிருப்பார்கள். ஜூன் வந்தால் மேட்டூர். அணை 120 அடியில் எத்தனை அடி நிற்கிறது என்று எல்லாரும்தான் போடுகிறார்கள். ஜூன் 12 திறந்தார்கள், கல்லணைக்கு வந்துவிட்டது, அதற்கப்புறம் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும்? அதை ஒருத்தரும் எழுதுவதில்லை.

கொல்லைமானி:
பனி பற்றி எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரவில் மேகம் இருக்கிறதா, காற்று அடங்குகிறதா, ஈரப்பதம் எவ்வளவு என்று பார்த்து ஓரளவு சொல்லிவிட முடியும். வாய்க்கால் தண்ணீருக்கு வாசகர்களே தங்கள் ஊர் மதகில் வந்த நாளை எழுதி அனுப்பினால் பட்டியல் போடலாம்.

பழைய பதிவர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். தப்பிய கணிப்பை நாமே தலையில் எழுதி வைத்தால், புதிதாக வருகிறவர் 'இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது' என்று போய்விட மாட்டாரா?

பழைய பதிவர்:
சிலர் போவார்கள், போகட்டும். பத்து நாள் வந்தவருக்கு எந்த மாதிரி மழையை நீங்கள் சரியாகப் பிடிக்கிறீர்கள், எதில் கோட்டை விடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். தாழ்வு மண்டலம் என்றால் உங்களை நம்புவார், ராத்திரி இடிமழை என்றால் பாதியைக் கழித்துக்கொள்வார். ஒன்று மட்டும், மழை பெய்த பிறகு பழைய பதிவைத் திருத்தாதீர்கள். அதை எப்படியும் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

பதிவு நேரமும் மாறக் கூடாது. எட்டரைக்கு அளவெடுக்கிறீர்கள், ஒன்பதுக்குப் போட்டுவிடலாமே?

கடைமடை வாசகர்:
ஒன்பது மணிக்கு நாங்கள் வயலில் நிற்போம். அளவை அப்போது போடுங்கள், தப்பில்லை. நாளைய கணிப்பும் பனியும் முந்தின இரவு ஏழரைக்குள் வந்தால் நல்லது. மெஷின்காரரிடம் நேரம் சொல்ல அப்போதுதான் போன் போடுவோம்.